பதில் சொல்பவர் உங்களைப் பார்த்தாரா?



ஷஃபான் கடைசியில் ஒரு நாள், மஃரிபுக்குப் பின் பக்கத்து வீட்டுத் தம்பி போனோடு வந்தார். அவருடைய மனைவிக்கு ஐந்து மாதம். நோன்பு பிடிக்கலாமா என்று தாய்மார் குழு ஒன்றில் எழுதிக் கேட்டிருக்கிறார். ஓர் இரவுக்குள் இருபதுக்கு மேல் பதில்கள். “விட்டுவிடுங்கள், பித்யா கொடுத்தால் போதும்” என்று ஒருவர். “பித்யா வேண்டாம், பிறகு கழாச் செய்யுங்கள்” என்று இன்னொருவர். “இரண்டும் வேண்டும்” என்று மூன்றாமவர். நான்காமவர் நோன்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கர்ப்பிணிகளுக்கான சத்துமாவின் விலையைப் போட்டிருந்தார்.

“இதில் எது சரி ஹஸரத்?”

முதல் மூவரும் பொய் சொல்லவில்லை. மூன்றும் மார்க்க அறிஞர்கள் சொன்ன கருத்துகள்தாம். ஆனால் ஒருவர்கூட அந்தப் பிள்ளையிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. நமது ஷாபிஈ மத்ஹபில், தன் உடம்புக்குக் கேடு வரும் என்று அஞ்சி நோன்பை விட்டவள் கழா மட்டும் செய்தால் போதும். வயிற்றுப் பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டவள், கழாவோடு நாளொன்றுக்கு ஒரு முத் அளவு அரிசியும் கொடுக்க வேண்டும். யாருக்குக் கேடு என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். “முதலில் கிளினிக்கில் கேட்டு வாருங்கள் தம்பி, மஸ்அலாவைப் பிறகு பேசுவோம்” என்று அனுப்பிவைத்தேன்.

ஊரார் கேள்விக்கு இணையத்தில் பதில் தேடுவது எங்கள் கொத்மலைக்குப் புதிதல்ல. இங்கே சமூக வானொலி 1989இல் தொடங்கியது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் உதவியால் அதற்கு இணைய இணைப்பும் கிடைத்தது. நேயர்கள் கேட்டதை அறிவிப்பாளர்கள் தேடி எடுத்து, ஊராருக்குப் புரியும் மொழியில் வானொலியில் சொன்னார்கள். உடல்நல விஷயம் என்றால் டாக்டரை வைத்து விளக்கினார்கள். இன்று வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது. விளக்கிச் சொல்ல டாக்டர்தான் பக்கத்தில் இல்லை.

குழுக்களே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மழையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தலைப்பிள்ளைக்காரிக்கு, “எனக்கும் இப்படித்தான் வாந்தி இருந்தது” என்று ஒரு தாய் எழுதுவதே ஆறுதல். மாமியிடம் கேட்க வெட்கப்படுவதை அங்கே கேட்கலாம்.

ஆனால் கடும் தலைவலி, கண் மங்கல், இரத்தம் படுதல், பிள்ளையின் அசைவு குறைதல் என்றால் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் எட்டாம் மாதத்தில், தலைவலி என்று இரவில் எழுதிப் போட்டாள். “தைலம் தடவுங்கள்”, “கண்ணூறாக இருக்கும், ஓதிப் பாருங்கள்” என்று பதில்கள் வந்தன. (ஓதுவது நல்லதுதான். வேனில் ஏறியும் ஓதலாம்.) அவளுடைய மாமி கால் வீக்கத்தைக் கண்டு, விடியும்வரை பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிரஷர் மிகவும் ஏறியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர், வரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி உண்டு. பதில் எழுதும் சகோதரிகளுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வருகிறார். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்காதீர்கள் என்று அவர் சொன்னால் கேளுங்கள். தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. தேயிலை மலையில் இருக்கும் நமக்கு அந்தப் பழக்கம்தான் அதிகம்.

சாமான் வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறையை மறைத்து விற்பது ஹராம். குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. ஆகவே பார்சல் வந்த கையோடு பிரித்துப் பாருங்கள். தொட்டிலும் சட்டையும் பரவாயில்லை. முகம் வெளுக்கும் கிரீமைக் கர்ப்ப காலத்தில் தொடவே வேண்டாம். சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது வயிற்றுப் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும். என்ன சேர்ந்தது என்று எழுதாத மூலிகை உருண்டையும் அப்படியே.

தம்பி இரண்டு நாள் கழித்து வந்தார். மனைவிக்கு இரத்தம் குறைவு, நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கேடு தாய்க்கே என்பதால் கழா மட்டும் போதும் என்றேன். அதை அந்தப் பிள்ளை குழுவிலும் எழுதி, “நீங்கள் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்” என்றும் சேர்த்தாராம். அதன் கீழேயும் சத்துமாவின் விலை வந்திருக்கிறது.