கொடுத்த பிறகு கணக்கா?

தானம் செய்தவன் ஏமாந்துவிட்டான் என்றால் நமக்கெல்லாம் பரிதாபம் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் உலகத்தில் சில வருஷங்களாக இந்தப் பரிதாபத்தையே முதலாகப் போட்டுச் சிலர் வியாபாரம் நடத்தி வருகிறார்கள். அதை நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மென்பொருள் எழுதுகிறவர்களில் சிலர் அதன் மூலத்தை ஒளித்து வைக்காமல் உலகத்துக்கே திறந்து வைக்கிறார்கள். கூடவே ஓர் உரிமப் பத்திரமும் உண்டு. பத்திரங்களில் இரண்டு வகை முக்கியமானவை. "எடுத்துக்கொள், மாற்று, விற்று லாபம் பார், என் பெயரை மட்டும் அழித்துவிடாதே" என்பது ஒன்று. பெர்க்கிலி சர்வகலாசாலையில் பிறந்த பி.எஸ்.டி. உரிமம் இந்த வகை. "எடுத்துக்கொள், ஆனால் நீ மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால், மாற்றியதையும் இப்படியே திறந்து வை" என்பது மற்றொன்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் வெளியிட்ட ஜி.பி.எல். இந்த வகை. முன்னதைத் தாராளம் என்பார்கள்; பின்னதைக் கறார் என்பார்கள்.

இத்தாலியரான ஸால்வதோரே ஸான்பிலிப்போ 2009-ல் ரெடிஸ் என்ற மென்பொருளைத் தாராளமான பி.எஸ்.டி. உரிமத்தில் வெளியிட்டார். தகவல்களை டிஸ்க்கில் தேடிக்கொண்டிராமல், கம்ப்யூட்டரின் நினைவிலேயே வைத்திருந்து கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தரும் மென்பொருள் அது. எங்கெங்கோ இருந்தவர்கள் கூலி கேட்காமல் அதில் பிழை திருத்தினார்கள். புதிய பகுதிகள் எழுதிச் சேர்த்தார்கள். அதை ஆதாரமாகக் கொண்டு ஒரு கம்பெனியும் வளர்ந்தது. அமேஸான் போன்ற பெரிய முதலாளிகளும் அதைத் தங்கள் யந்திரங்களில் ஓட்டி, வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தார்கள்.

2018-ல் அந்தக் கம்பெனி தன்னுடைய சில துணைப் பகுதிகளின் உரிமத்தை இறுக்கியது. ஊரில் சந்தேகம் கிளம்பியது. ரெடிஸின் மூலப் பகுதி பி.எஸ்.டி.யிலேயே இருக்கும் என்று அப்போது உறுதி சொன்னார்கள். 2020-ல் ஸான்பிலிப்போ பொறுப்பிலிருந்து விலகினார். 2024 மார்ச் மாதம், இனி வரும் பதிப்புகளுக்கு அந்த உரிமம் இல்லை என்று கம்பெனி அறிவித்தது. பதிலாக இரண்டு பத்திரங்களை நீட்டியது. ஒன்றின்படி, ரெடிஸை யாரும் வாடகைச் சேவையாக நடத்தக் கூடாது. மற்றொன்றின்படி நடத்தலாம், ஆனால் அதை நடத்தப் பயன்படும் தன் சொந்த மென்பொருள்கள் அத்தனையையும் திறந்து வைக்க வேண்டும். திறந்த மூலம் இன்னது என்று வரையறுக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் இவ்விரண்டையும் அங்கீகரிக்கவில்லை.

"பெரிய முதலாளி சுரண்டினால் சிறிய கம்பெனி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். முதலாளிகளுக்குப் பரிந்து பேச நான் வரவில்லை. ஆனால் பி.எஸ்.டி. பத்திரத்தின் எந்த வாசகம் அமேஸானுக்கு இடம் கொடுத்ததோ, அதே வாசகம்தான் ஊரார் உழைப்பையும் சேர்த்துப் பூட்டிக்கொள்ளக் கம்பெனிக்கும் இடம் கொடுத்தது. அடுத்தவன் செய்தால் சுரண்டல், நான் செய்தால் தற்காப்பு என்பது என்ன நியாயம்?

வேறு வழி இல்லாமலும் இல்லை. இணையத்தின் வழியே சேவையாக நடத்துகிறவனும் தான் செய்த மாறுதல்களைத் திறந்து காட்ட வேண்டும் என்று சொல்லும் ஏ.ஜி.பி.எல். உரிமம் 2007-லேயே வந்துவிட்டது. ரெடிஸ் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால்! ஆனால் கறாரான பத்திரத்தைக் கண்டால் பல கம்பெனிகள் கிட்டே வருவதில்லை. தாராளத்தைக் காட்டினால்தான் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்து, பெயரும் வந்த பிறகு, அந்தத் தாராளமே நஷ்டமாகத் தோன்றுகிறது. தண்ணீர்ப் பந்தல் வைத்துப் பெயர் வாங்கிவிட்டு, பாதி வெயிலில் சொம்புக்கு விலை கட்டுவது போன்ற காரியம் இது. குடத்தில் இருந்த தண்ணீரும் இவர்கள் மட்டும் சுமந்து வந்ததல்ல.

பலன் என்ன ஆயிற்று? அதே மார்ச் மாதத்தில், கடைசி பி.எஸ்.டி. பதிப்பை எடுத்து, லினக்ஸ் பவுண்டேஷனின் நிழலில் வால்கீ என்ற பெயரில் தனிக்குடித்தனம் தொடங்கிவிட்டார்கள். அதற்குத் துணை நின்றவர்களில் அமேஸானும் கூகிளும் உண்டு. எவரை விரட்டப் பூட்டுப் போட்டார்களோ, அவர்களையே தர்மத்தின் காவலர்களாக்கிவிட்டார்கள்! 2025 மே மாதம் கம்பெனி ஏ.ஜி.பி.எல்.லையும் ஒரு வழியாகச் சேர்த்துக்கொண்டது. 2009-ல் எடுத்திருக்கக்கூடிய பத்திரம்!

லினக்ஸைப் பாருங்கள். லைனஸ் டோர்வால்ட்ஸ் 1992-ல் அதை ஜி.பி.எல்.லின் கீழ்க் கொண்டுவந்தார். அதில் எழுதிய ஆயிரக்கணக்கானவர்களின் பங்கு அவரவர் பெயரிலேயே இருக்கிறது. நாளைக்கு எந்தக் கம்பெனி நினைத்தாலும் அத்தனை பேருடைய சம்மதமின்றி அந்தப் பத்திரத்தை மாற்ற முடியாது. கறார் என்று பழிக்கப்பட்ட உரிமம்தான் ஊர்ச் சொத்தை ஊர்ச் சொத்தாகவே காப்பாற்றியிருக்கிறது.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். உழைப்புக்குக் கூலி கேட்பது இழிவு என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். விலை வைக்க வேண்டுமா, வையுங்கள். நிபந்தனை போட வேண்டுமா, போடுங்கள். ஆனால் அதை முதல் நாளே வாசலில் எழுதி வையுங்கள். உங்களை நம்பி உள்ளே வந்து உழைத்தவன் திரும்பிப் பார்ப்பதற்குள் பலகையை மாற்றிவிட்டு, அதற்குத் தற்காப்பு என்று பெயர் சூட்டாதீர்கள்.