வாழைப்பழக் கம்பெனியும் ஒரு நாட்டின் சுதந்திரமும்

"அந்நியன் நிலம் வாங்கினால் என்ன? மண்ணை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிக்கொண்டா போய்விடுவான்?" என்று சில பெரிய மனிதர்கள் நம்மைக் கேட்கிறார்கள். நிலம் இங்கேதான் கிடக்குமாம், மூலதனம் வருமாம், கூலி கிடைக்குமாம், நாடு செழிக்குமாம்!

இந்தக் கனவான்களுக்கு மத்திய அமெரிக்காவிலுள்ள குவாதமாலாவின் சரித்திரமே பதில் சொல்லும்.

அந்தச் சிறிய நாட்டில் யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனி சுமார் ஐந்தரை லட்சம் ஏக்கரை வளைத்து வைத்திருந்தது. ரயில் பாதையும் அதன் பிடியில். அட்லாண்டிக் கரையின் புவர்ட்டோ பாரியோஸ் துறைமுகமும் அதன் பிடியில். காய்க்கிற தோட்டம் அவனுடையது, ஏற்றிச் செல்லும் வண்டி அவனுடையது, கப்பல் நிற்கும் துறையும் அவனுடையது. குவாதமாலா உழைப்பாளிக்குச் சொந்தமானது எது? வியர்வை ஒன்றுதான்!

இத்தனை நிலத்திலும் பயிர் செய்தார்களா? அதுவும் இல்லை. நூற்றுக்குச் சுமார் 85 ஏக்கர் தரிசாகக் கிடந்தது. சுற்றிலும் நிலமற்ற விவசாயி பட்டினி கிடந்தான்.

1944ல் மக்கள் எழுந்து சர்வாதிகாரத்தைத் தூக்கியெறிந்தார்கள். 1947ல் சங்கம் வைக்கவும் வேலைநிறுத்தம் செய்யவும் உரிமை தரும் தொழிலாளர் சட்டம் வந்தது. அன்றே கம்பெனி முகம் சுளித்தது. 1952 ஜூனில் ஜனாதிபதி ஹகோபோ ஆர்பென்ஸ் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெரிய பண்ணைகளின் தரிசு நிலத்தை எடுத்து ஏழைகளுக்குக் கொடு என்பதே அந்தச் சட்டம். ஆர்பென்ஸின் சொந்த நிலம் 1,700 ஏக்கரும் அதில் போயிற்று. சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள் நிலம் பெற்றன.

நிலத்தை இலவசமாகப் பறித்தார்களா? இல்லை! வரி கட்டுவதற்காக முதலாளியே எழுதிக் கொடுத்த மதிப்பின்படி நஷ்டஈடு உண்டு. கம்பெனியிடம் 1953ல் எடுத்த 2,09,842 ஏக்கருக்கு அந்தக் கணக்குப்படி 6,27,572 டாலர். ஏக்கருக்குச் சுமார் 3 டாலர். பிறகு அமெரிக்க சர்க்கார் கம்பெனிக்காக வக்காலத்து வாங்கி 1,58,54,849 டாலர் கேட்டது. ஏக்கருக்கு 75 டாலர்! வரி கட்டும்போது 3, வாங்கும்போது 75. இதற்குப் பகற்கொள்ளை என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா?

அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். உளவு ஸ்தாபனத் தலைவர் அவருடைய தம்பி ஆலன் டல்லஸ். இருவரும் முன்பு வேலை பார்த்த வக்கீல் கம்பெனி, இதே பழக் கம்பெனிக்கு வேலை செய்த கம்பெனி! 1954 ஜூனில் அமெரிக்க உளவு ஸ்தாபனம் ஆயுதம் கொடுத்த கூலிப்படை ஹோண்டுராஸிலிருந்து நுழைந்தது. ஜூன் 27ல் ஆர்பென்ஸ் பதவியிழந்தார். நிலம் மீண்டும் கம்பெனிக்கே போயிற்று. பிறகு 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேர் மாண்டார்கள், காணாமற்போனார்கள்.

மண்ணை யாரும் தூக்கிப் போகவில்லை, உண்மைதான். தூக்கிப் போனது அந்நாட்டின் சுதந்திரத்தை!

இது பழங்கதை என்பீர்களா? 2008ல் மடகாஸ்கரில் தென்கொரிய டேவூ லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி 13 லட்சம் ஹெக்டேரை 99 வருஷக் குத்தகைக்குக் கேட்டது. ஐ.நா. உணவு உதவி பெற்றுவந்த நாட்டில் கொரியாவுக்கு மக்காச்சோளம் விளைவிக்க! மக்கள் கொதித்தார்கள். 2009 மார்ச்சில் ஜனாதிபதி ரவலொமனனா பதவி இழந்தார். ஒப்பந்தம் குப்பைக்குப் போயிற்று. நம் நாட்டிலும் 2015ல் காப்பி, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களில் நூற்றுக்கு நூறு அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறந்தார்கள்.

உள்ளூர்ப் பண்ணையார் நல்லவர் என்று நாம் சொல்லவில்லை. அவரிடமிருந்தும் நிலம் உழுபவன் கைக்கு வர வேண்டும். ஆனால் அந்நியக் கம்பெனிக்குப் பின்னால் அதன் சர்க்காரும் பீரங்கியும் நிற்கும்.

ஆலைத் தோழர்களே! இது உழவன் சங்கதி என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் உலைக்கு அரிசியும் ஆலைக்குப் பஞ்சும் மண்ணிலிருந்துதான் வருகின்றன. எதை விளைப்பது, யாருக்கு விற்பது என்று அந்நியன் லாபம் தீர்மானித்தால் உங்கள் கூலியில் பாதியை அரிசிக்கடை விழுங்கும்.

ஆகவே நாம் கேட்கிறோம்: நிலக் குத்தகை ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் ஜனங்கள் முன் வை! கிராம சபையின் சம்மதமின்றி ஒரு சென்ட் நிலத்தையும் கொடுக்காதே! உழுபவனுக்கே நிலம் கொடு! தோழர்களே, இந்தக் கோரிக்கைகளை ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் முழங்குங்கள்!