பழைய கணனியும் புதிய கடனும்

"தம்பி, இந்தப் பெட்டி இனிச் சரிவராதாம். புதுசு எடுக்கட்டாம். தவணைக்கும் தருவினமாம்."

அயலிலுள்ள தாயொருவர் மடிக்கணனி ஒன்றைத் துணிப்பையிலிருந்து எடுத்து வைத்தபடி சொன்ன வார்த்தைகள் இவை. வெளிநாட்டிலுள்ள தம்பியார் மகளின் படிப்புக்கென அனுப்பிய கணனி அது. திறந்து பார்த்தேன். விசைகள் வேலை செய்தன, திரை தெளிவாக இருந்தது, மின்கலமும் ஒரு மணித்தியாலம் தாங்கியது. கணனியில் பழுது எதுவுமில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவித்தல் மட்டும் திரையில் கிடந்தது. அந்த ஓர் அறிவித்தலுக்காக அக்குடும்பம் கடன்படத் தயாராகியிருந்தது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவை நிறுத்தியது. அடுத்ததான விண்டோஸ் 11ஐ ஏற்றுவதற்கு ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், நிறுவனத்தின் பட்டியலிலுள்ள புதிய செயலியும் வேண்டும். 2018ஆம் ஆண்டுக்கு முன்னர் வெளிவந்த கணனிகளுட் பெரும்பாலானவை இந்த நிபந்தனைகளை நிறைவுசெய்வதில்லை. எம்மவர் கைகளில் இருப்பவையோ பெரும்பாலும் உறவினர் அனுப்பியவை, அல்லது பாவித்த நிலையில் வாங்கியவை. ஆகவே இக்கேள்வி எமது வாசலுக்கும் வந்துவிட்டது.

முதலில், இயங்குதளம் என்றால் என்ன? பிள்ளைகளின் பாடநூல் இதனைப் பணிசெயல் முறைமை என்கிறது. உழவு இயந்திரத்தைக் கணனி என்று கொண்டால், இயங்குதளம் அதன் சாரதி. கலப்பை பூட்டுவதும் பெட்டி இழுப்பதும் சாரதியின் கையில் இருப்பது போல, கடிதம் எழுதுவதும் படம் பார்ப்பதும் அச்சடிப்பதும் இயங்குதளத்தின் வழியாகவே நடக்கின்றன. சாரதி விலகிவிட்டார் என்பதற்காக எவரும் உழவு இயந்திரத்தை விற்பதில்லை. வேறொரு சாரதியைத் தேடுகிறோம். கணனி விடயத்தில் மட்டும் ஏன் இயந்திரத்தையே மாற்றப் புறப்படுகிறோம்?

ஆதரவு முடிந்தது என்றால் கணனி நின்றுவிடும் என்பதல்ல. ஆண்டுதோறும் அடைக்காத வேலியும் உடனே விழுந்துவிடுவதில்லை. ஆனால் பொட்டு விழும், அதனூடாகக் கட்டாக்காலி உள்ளே வரும். இயங்குதளத்தில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை நிறுவனம் அவ்வப்போது அடைத்து வந்தது. அந்த அடைப்பு நின்ற பின்னர் இணையத்தில் உலாவுவதும், வங்கிக் கணக்கைத் திறப்பதும் ஆபத்தாகும். ஒரு மைக்ரோசொப்ட் கணக்கை இணைத்தோ, பணம் செலுத்தியோ 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் வழியையும் நிறுவனம் அறிவித்தது. அது தவணை நீடிப்பு மட்டுமே.

எனவே எம்முன் உள்ள வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புதிய கணனி வாங்குவது முதலாவது வழி. கையில் பணம் உள்ளவர் வாங்கலாம். ஆனால் போகத்துக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்தோ, நகையை அடகு வைத்தோ, வட்டிக்குப் பெற்றோ வாங்குவது புத்தியாகாது. கணனி ஒவ்வோராண்டும் பெறுமதி இழக்கும் பொருள். வட்டியோ ஒவ்வொரு மாதமும் வளரும் பொருள்.

சொற்ப பணத்துக்குக் கள்ளப் பிரதியை ஏற்றிக்கொள்வது இரண்டாவது வழி. எமது ஊர்களில் இது பரவலாக நடப்பதை மறைக்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கின்றது. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், பூட்டை உடைப்பதற்கென எழுதப்பட்ட நிரல் கணனிக்குள் வேறு எதனைக் கொண்டுவந்தது என்பதை ஏற்றியவரும் அறியார். பல வேளைகளில் அதனை ஏற்றுவதற்காகப் பாதுகாப்பு மென்பொருளையே நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். கள்ளன் வருவதற்காக நாயைக் கட்டிவைப்பது போன்றது இது.

மூன்றாவது அப்பிள் நிறுவனத்தின் மக் கணனி. நல்ல இயந்திரம்தான். ஆனால் அதன் இயங்குதளம் அந்த நிறுவனத்தின் கணனிகளுக்கே உரியது. பழுதடைந்தால் உதிரிப்பாகத்துக்கும் திருத்துநருக்கும் நகரத்துக்கு ஓடவேண்டும். இன்ரெல் செயலியுள்ள பழைய மக் கணனிகளுக்கு 2025இல் வெளிவந்த பதிப்பே இறுதியானது என்றும் அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. வெளிநாட்டு உறவினர் மக் அனுப்புவதாகச் சொன்னால், அதன் ஆண்டையும் செயலியையும் கேட்டறிவது நல்லது.

நான்காவது லினக்ஸ். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய வேலை அது. அவருக்கு முன்னரே 1983இல் றிச்சர்ட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டமும் அதனுடன் சேர்ந்தது. எவரும் பாவிக்கலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம் என்பதே அதன் உரிமப் பத்திரம் கூறும் விதி. வீட்டில் சேமித்த விதைநெல்லை அயலவருக்கு அளந்து கொடுப்பதற்கு நாம் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை அல்லவா? அந்த முறைதான் இதுவும்.

இலவசம் என்றதும் தரம் குறைந்தது என்று நினைப்போர் உளர். எமது சட்டைப்பையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியின் கருவும் லினக்ஸ்தான். உலகின் மிக வேகமான 500 மீக்கணனிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. எமது நாட்டிலும் இவ்வகைத் திறந்த மென்பொருள் பயன் தந்ததுண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் சகானா என்னும் மென்பொருளை எழுதினர். அதனையும் எவரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று திறந்தே வைத்தனர். அதனாலேயே 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின் போதும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. முகாம் பதிவேட்டில் பெயர் விடுபடுவதன் துயரை அறிந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நேர்மையாகாது. லினக்ஸிலும் சிரமங்கள் உண்டு. சில அச்சுப்பொறிகள் அதனுடன் இணங்க மறுக்கும். மைக்ரோசொப்ட் வேர்ட், எக்செல் என்பவற்றை வழமைபோல் அதில் நிறுவ முடியாது. பதிலாக உள்ள லிப்ரே ஒபிஸ் அக்கோப்புகளைத் திறக்கும், எனினும் பக்க அமைப்புச் சிலவேளை குலையும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளைச் சங்கம் பாவிக்குமாயின் மாறுவது கடினம். எல்லாவற்றிலும் முக்கியமானது, பழுது வந்தால் ஊரில் கேட்பதற்கு ஆள் குறைவு. ஆளில்லாத ஊரில் நல்ல இயந்திரமும் கொட்டிலில்தான் கிடக்கும்.

ஆகவே எனது கருத்து இதுதான். இயங்குதளத்தைப் பெயரைப் பார்த்துத் தெரியக் கூடாது. செய்யும் வேலை என்ன, இயந்திரத்தின் வலு என்ன, திருத்தித் தர யார் இருக்கிறார் என்ற மூன்றையும் பார்த்தே தெரிய வேண்டும். விண்டோஸ் 11உடன் வந்த கணனி உங்களிடம் இருந்தால் அதனையே வைத்திருங்கள். மாற்றுவதற்குக் காரணமில்லை. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணனியில் பிள்ளை படிப்பதும், கடிதம் எழுதுவதும், இணையம் பார்ப்பதும்தான் வேலை என்றால், லினக்ஸ் மின்ட் போன்ற எளிய பதிப்புக்கு மாறுங்கள். 4 ஜி.பி. நினைவகம் போதும். வேகம் குறைவாயின் பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பூட்டுங்கள். புதிய கணனியின் விலையில் அது சிறு பங்கே. சனசமூக நிலையத்திலோ கமக்காரர் அமைப்பிலோ பல கணனிகள் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே இயங்குதளத்தை வைத்து, ஊரில் நிலைத்திருக்கக் கூடிய இளைஞர், யுவதி இருவரையாவது அதில் பழக்குங்கள்.

மாறுமுன் பரீட்சித்துப் பார்க்கவும் வழியுண்டு. லினக்ஸை ஒரு பென் ட்ரைவில் ஏற்றி, கணனியிலுள்ள எதனையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கலாம். அச்சுப்பொறி வேலை செய்கிறதா, ஒலி கேட்கிறதா, கம்பியில்லா இணையம் பிடிக்கிறதா என்று பார்த்த பின்னர் முடிவெடுக்கலாம்.

இன்னொன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். சாரதியை விடப் பெட்டியில் ஏற்றிய பொருளே பெறுமதியானது. காணி உறுதியின் படம், பிறப்புச் சான்றிதழ், இழப்பீட்டு விண்ணப்பத்தின் பிரதி, இறந்தவரின் ஒரேயொரு புகைப்படம் என்பன இன்று பல குடும்பங்களில் கணனிக்குள் இருக்கின்றன. ஓடும்போது எடுக்க மறந்த கடதாசிக்காக ஆண்டுக்கணக்கில் அலுவலகப் படியேறியவர்கள் நாம். இயங்குதளத்தை மாற்றுமுன் இவற்றை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதங்கள் அந்த எழுத்துரு இல்லாத கணனியில் வெறும் ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். ஆகவே இனிமேல் யுனிகோட் தமிழில் எழுதுங்கள். விண்டோஸ், மக், லினக்ஸ், தொலைபேசி எதிலும் அது தமிழாகவே தெரியும்.

அந்தத் தாயின் கணனியைப் பென் ட்ரைவ் மூலம் பரீட்சித்து, படங்களைப் பிரதி எடுத்து, ஒரு பின்னேரத்துக்குள் லினக்ஸுக்கு மாற்றினோம். மகளுக்கு இரண்டு நாட்கள் தடுமாற்றம் இருந்தது. மூன்றாம் நாள் பாடக் குறிப்பை அச்சடித்துக் காட்டினாள். தாய் கேட்டது ஒன்றுதான்: "அப்ப விதைநெல்லுக்கு வைச்ச காசிலை கை வைக்கத் தேவையில்லை, என்ன?"

தேவையில்லை, அம்மா. கடைக்காரர் சொன்னதும் கடன்படாமல், முதலில் சாரதியை மாற்றிப் பாருங்கள் என்பதே எனது வேண்டுகோள்.