மழை காட்டிய மலை



ஊரிலிருந்து உறவினர் வருகின்றனர் என்ற செய்தி வந்தால், மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே பிறக்கும். எங்கே தங்கவைப்பது, எதைக் காட்டுவது என்பதே கவலை.

ஓர் ஆடித் திங்களில் எம் அத்தையும் ஊரார் பதினால்வரும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேனில் புறப்பட்டு, பண்டரிபுரம், சீரடி, நாசிக் எனப் பன்னிரண்டு நாட்கள் சுற்றிவிட்டுத் தாராவி வந்து சேர்ந்தனர். அரிசி மூட்டையும் அடுப்பும் அண்டாவும் அவர்களுடனேயே பயணம் செய்தன. மும்பைக்கென அவர்கள் ஒதுக்கியது ஒரே நாள். அந்நாள் விடியுமுன்பே மழை பிடித்துக்கொண்டது.

சந்தில் கணுக்காலளவு நீர் ஓட, நாங்கள் குடங்களுடன் குழாயடியில் வரிசையாக நிற்பதை அத்தை கண்டார். "தம்பி, வானம் இப்படிக் கொட்டுகிறது, நீங்களோ ஒரு குடம் நீருக்குக் காத்து நிற்கிறீர்களே! இது என்ன ஊரப்பா?" என்றார். விடை கூற எமக்கு வாய் எழவில்லை.

எலிபெண்டா தீவுக்குச் செல்வதே எம் திட்டம். கடல் கொந்தளித்தமையால் அன்று படகுகள் விடப்படவில்லை. வந்தவர்களை வண்டிக்குள்ளேயே அடைத்து வைப்பதா என வருந்தி, போரிவலியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிற்கு வேனைத் திருப்பச் சொன்னோம். அக்காட்டினுள்ளே கான்ஹேரி மலை உள்ளது. கருங்குன்றம் எனப் பொருள்படும் 'கிருஷ்ணகிரி' என்ற வடசொல்லே இப்பெயராயிற்று என்பர்.

பௌத்தத் துறவியர் சற்றேறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக அம்மலையைக் குடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளை அமைத்தனர். மூன்றாம் குகையின் முகப்பில் இருபது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் புத்தர் சிலைகளைக் கண்டு அனைவரும் வியந்தனர். ஆயினும் அத்தையின் கண்கள் சிலைகளில் நிலைக்கவில்லை. அவர் நீர் சென்ற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையுச்சியில் விழுந்த மழை, பாறையில் வெட்டிய கால்கள் வழியே வழிந்து, குகைதோறும் வாயிலருகே குடையப்பட்ட தொட்டிகளில் சென்று நிறைந்தது. "இது நம் ஊர்க் குளங்களைப் போலல்லவா இருக்கிறது! ஒரு குளம் பெருகினால் அடுத்த குளத்துக்கு நீர் போகுமே, அதே கணக்குத்தான்" என்றார் அத்தை. வெயில் நாளில் வந்தவருக்கு அவை வெறும் குழிகளாகவே தோன்றும். அவற்றின் பயனை விளக்கிக் காட்ட மழையே வர வேண்டியிருந்தது.

அங்குள்ள கல்வெட்டுகள் பல, கொடையாளர்களைக் கூறுகின்றன. நாம் இன்றும் மின்சார ரயிலில் கடந்து செல்லும் கலியாண் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவர் நீர்த்தொட்டி ஒன்றை வெட்டுவித்து அறமாக அளித்துள்ளார். பொன்னோடு பழகியவர் நீரின் விலையையும் அறிந்திருந்தார்!

நேயர்களே, இதே வனத்தில்தான் 1860-இல் கட்டி முடிக்கப்பட்ட விஹார் ஏரியும், 1879-இல் முடிந்த துளசி ஏரியும் உள்ளன. விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே மீட்டி ஆறாகித் தாராவியின் ஓரமாகச் சென்று மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்தபோது, அவ்வாறு கரைமீறி வந்ததை நம்மில் பலர் மறக்கவியலாது. ஆற்றின் வழியைக் குறுக்கி, அதில் குப்பையையும் கழிவையும் கொட்டிவிட்டு, வெள்ளத்தை மட்டும் நொந்து பயனென்ன?

மாலையில் விடைபெறும்போது அத்தை, "தம்பி, மழையால் ஒன்றும் கெடவில்லை, இன்று பார்த்ததைத்தான் ஊரில் போய்ச் சொல்வேன்" என்றார். காலையில் அவர் கேட்ட கேள்விக்கோ நாம் இன்னும் விடை கூறவில்லை. அது நாம் அனைவரும் கூடிக் கூறவேண்டிய விடை.

உங்கள் இல்லத்திற்கு விருந்தினர் வரும் நாளில் மழை பெய்தால் மனம் தளராதீர்கள். பிள்ளைகளையும் உடனழைத்துக் கான்ஹேரிக்குச் செல்லுங்கள். பாசி படர்ந்த படிகள் வழுக்கும். ஓடைகளில் இறங்க விடாதீர்கள். அந்தத் தொட்டிகள் நிறைவதை மட்டும் அவர்களுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.