எவருடைய அளவுகோல்?

ஏ, சி, ஜி, டி என்னும் நான்கே எழுத்துகள் ஏறத்தாழ 300 கோடி இடங்களில் மாறிமாறி நின்று மனித மரபணுத்தொகுதியாகின்றன. இந்நெடுந்தொடரை முதலிலிருந்து இறுதிவரை ஒரே மூச்சில் படிக்கும் கருவி இன்றும் இல்லை. பெருவழக்கிலுள்ள கருவிகள் டி.என்.ஏ.வைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் சில நூறு எழுத்துகளையே படிக்கின்றன. ஒரு நூலின் பல படிகளைக் கிழித்துக் கலந்துவிட்டு, அந்நறுக்குகளிலிருந்து நூலை மீட்கச் சொன்னால் என்ன செய்வோம்? ஒரு நறுக்கின் இறுதிச் சொற்கள் மற்றொன்றின் தொடக்கத்தில் வருகின்றனவா எனத் தேடுவோம். கணினி செய்வதும் அதுவே. ஆயினும், பல்லவிபோல ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்களில், எந்த நறுக்கு எவ்விடத்துக்குரியது என்று கணினியும் திகைக்கும். மனித மரபணுத்தொகுதித் திட்டம் நிறைவுற்றதாக 2003இல் அறிவிக்கப்பட்ட பின்னரும் ஏறத்தாழ 8 விழுக்காடு படிக்கப்படாமல் கிடந்தது. நீண்ட துண்டுகளைப் படிக்கும் கருவிகள் வந்த பின்பே, 2022இல், அவ்விடைவெளி பெரும்பாலும் நிரம்பியது.

மூலப்படி ஒன்று அமைந்துவிட்டால் பின்வருவோர்க்குப் பணி எளிது. புதியவர் ஒருவரின் துண்டுகளை அதன்மேல் பொருத்தி, எழுத்து எங்கே மாறுகிறது, எங்கே குறைகிறது என்று கணக்கிடலாம். இரு தொடர்களை நிரல்பட நிறுத்தி ஒப்பிடும் கணக்குமுறை ஒன்றை நீடில்மன், வுன்ஷ் ஆகிய இருவரும் 1970இலேயே வகுத்துவிட்டனர்.

சரி, அந்த மூலப்படி எவருடையது? அமெரிக்காவின் பஃபலோ நகரில், செய்தித்தாள் விளம்பரம் கண்டு குருதி அளிக்க முன்வந்தோருள் ஒருவரிடமிருந்தே அதன் ஏறத்தாழ 70 விழுக்காடு பெறப்பட்டது. அவர் செய்தது நற்செயலே. ஆனால், ஒருவரை அளவுகோலாக்கி உலகை அளந்தால் என்ன நேரும்? மூலப்படியில் இல்லாத தொடரைக் கொண்ட துண்டு, பொருந்த இடமின்றி ஒதுக்கப்படும். அல்லது பிழையான இடத்தில் ஒட்டப்படும். கணினிக்குப் பாரபட்சம் இல்லை என்பார் உளர். உண்மைதான், நாம் கொடுத்த அளவுகோலின் கோணலையும் அது அறியாது.

இது ஏட்டுக் கவலையன்று. இதயத்தசைப் புரதம் ஒன்றிற்குரிய மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் மாற்றம், தெற்காசிய வழியினருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் காணப்படுகிறது. அதற்கும் இதயத்தசை நோய்க்கும் தொடர்புண்டு என்று 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஐரோப்பிய வழியினரிடம் இம்மாற்றம் மிக அரிது. அவர்களுடைய தரவுகளோடு ஒப்பீடு நின்றிருந்தால் நம் மருத்துவர்கள் இதை எங்கே தேடியிருப்பார்கள்?

நிலைமை மெல்ல மாறுகிறது. பல நிலத்தைச் சேர்ந்த 47 பேரின் தொடர்களை இணைத்த பொதுத்தொகுதியின் முதல் வரைவு 2023இல் வெளியாயிற்று. இந்தியர் 10,000 பேரின் மரபணுத்தொகுதித் தரவுகள் 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இதைப் பெருஞ்செலவு என்று முணுமுணுப்போரோடு எனக்கு உடன்பாடில்லை. தமக்குள்ளேயே மணவுறவு கொள்ளும் குழுக்கள் எண்ணற்றவை வாழும் நாட்டில் 10,000 என்பது சிறு தொடக்கமே. மலைவாழ் மக்களும் கடலோர மக்களும், தம் முழு இசைவுடன், இக்கணக்கில் மேலும் இடம்பெற வேண்டும். கண்டறிந்த செய்தி அவர்களூர் மருத்துவமனைக்கே திரும்பிச் சேரவும் வேண்டும்.