விஞ்ஞான விளக்கம்: எதிரே வருபவரின் கண்கள்

கோடை விடுமுறையில் நம் அன்பர்களுள் சிலர் குடும்பத்துடன் காரிலேயே ஊருக்குப் புறப்படுகின்றனர். வெயிலுக்கு அஞ்சி இரவில் ஓட்டுவோரும் உளர். ஆகவே இம்மாதம் காரின் முன்விளக்கைப் பற்றிச் சிந்திப்போம்.

ஹாலஜன் பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளி தருகிறது. கடைகளில் ‘எச்.ஐ.டி.’ என்றும் ‘ஸெனான்’ என்றும் வழங்கும் விளக்கிலோ இழையே இல்லை. சிறியதொரு குவார்ட்ஸ் குமிழினுள், சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு மின்முனைகள் எதிரெதிரே நிற்கின்றன. 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் கணநேரம் பாய்ந்து, அவற்றினிடையே மின்வில்லை உண்டாக்குகிறது. ஸெனான் வாயு உடனே ஒளிர்கிறது. பின்னர், சோடியம், ஸ்காண்டியம் முதலிய உலோகங்களின் அயோடைடு உப்புகள் ஆவியாகி, சில விநாடிகளில் முழு ஒளியைத் தருகின்றன. 1991ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் காரில் இது முதன்முதலில் இடம்பெற்றது.

55 வாட் ஹாலஜன் பல்பு சுமார் 1,500 லூமென் ஒளி தர, 35 வாட் ஸெனான் விளக்கு சுமார் 3,200 லூமென் தருகிறது. குறைந்த மின்சாரத்தில் இருமடங்குக்கு மேற்பட்ட ஒளி! இன்று புதிய கார்களில் எல்.இ.டி. விளக்குகளே மிகுந்துவிட்டன. எனினும், பழைய காரில் ஹாலஜனை அகற்றிவிட்டு எச்.ஐ.டி. பொருத்திக்கொள்ளும் ஆசை இன்னும் தீரவில்லை.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது. முன்விளக்கின் பிரதிபலிப்பான் இழையின் இடத்தையும் வடிவத்தையும் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. மின்வில்லின் வடிவம் வேறு. ஆதலால் ‘டிம்’ செய்தாலும் ஒளி கீழே அடங்காமல் மேலே சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. சில விநாடிகள் அவருக்குச் சாலையே தெரியாது. அவர் தடுமாறினால் துன்பம் அவருக்கு மட்டுமா? ஐரோப்பிய விதிகள் இத்தகைய பிரகாசமான விளக்குகளுக்குத் தானியங்கி மட்டச் சீரமைப்பை வற்புறுத்துவது இக்காரணம் பற்றியே. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

புறப்படுமுன் அன்பர்கள் செய்யத்தக்கவை எளியவை. விளக்குக் கண்ணாடியைத் துடையுங்கள். பின்புறம் மூட்டை ஏறினால் காரின் முன்பகுதி உயர்ந்து, ஒளியும் உயரும். மட்டம் மாற்றும் திருகு இருப்பின் ஒளியைத் தாழ்த்துங்கள். எச்.ஐ.டி. பழுதுற்றால் நீங்களே பிரிக்க வேண்டாம். உயர் மின்னழுத்தம் உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

நம் பாதைக்கு ஒளி வேண்டுவது நியாயமே. பிறர் பாதையை இருளாக்காத ஒளியே நம்மையும் நலமே ஊர் சேர்க்கும்.