வீரர் மனையும் அரசின் கடனும்

களத்தில் நிற்பவன் ஒருவன். அவன் பொருட்டு மனையிற் காத்திருப்போர் பலர். களத்தில் நிற்பவனுக்கு நாடு செய்யும் சிறப்பினை யாவரும் பேசுவர். காத்திருப்போர்க்கு நாடு செய்யவேண்டிய கடனைப் பேசுவோர் மிகச் சிலரே. அச் சிலரோடு நாமும் சேர்ந்து நின்று, நம் கருத்தினை இங்குக் கூற விழைகின்றோம்.

அமெரிக்க நாட்டார் தம் படைவீரரை ஜெர்மனி, ஜப்பான், கொரியா முதலிய அயல்நாடுகளிற் குடும்பத்தோடு தங்கச் செய்து, அவர்தம் மக்களுக்குப் பள்ளியும், மனையோர்க்கு அங்காடியும், யாவர்க்கும் மருத்துவமனையும் அமைத்துள்ளனர். 2013-ஆம் ஆண்டில் அந்நாட்டரசு செலவைச் சுருக்கியபோது, படையினர் குடும்பங்களுக்குரிய அங்காடிகளுட் பெரும்பாலன வாரத்தில் ஒரு நாள் மூடப்பட்டன. அரிசியும் பாலும் கூடச் சுருங்கின. எந்நாட்டிலும் சிக்கனம் அடுக்களை வழியாகவும் நுழையும் போலும்!

நம் நாட்டு நிலை சற்றே வேறு. ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையிற் சேர்ந்து லெபனானுக்கும் தென்சூடானுக்கும் செல்லும் நம் வீரர், குடும்பத்தை ஊரில் விட்டே செல்கின்றனர். கடல் கடவாது லடாக்கிலும் அருணாசலத்திலும் நிற்பவர் நிலையும் அதுவே. சங்கரன்கோவிலில் இருக்கும் தாய்க்கு லெபனானும் தொலைவே, லடாக்கும் தொலைவே. மகனுக்கு அவள் எழுதும் முகவரியில் ஊர்ப் பெயர் இராது, ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்னும் எண்ணே இருக்கும். மகன் இருக்கும் இடம் ஓர் எண்ணாகிவிட்ட மனைக்கு, அரசு செய்யும் சிறு உதவியும் பெரிதன்றோ?

இவ்வுதவிகளிற் சில அண்மைக் காலத்திற் குறைந்தன. லெப்டினன்ட் ஜெனரல் சேகட்கர் தலைமையில் 2016-இல் அமைந்த குழுவின் பரிந்துரைகள் பலவற்றை அரசு 2017 ஆகஸ்டில் ஏற்றது. அமைதி நிலையங்களிலுள்ள படை அஞ்சலகங்களையும் இராணுவப் பால் பண்ணைகளையும் மூடுதல் அவற்றுள் அடங்கும். 1889-இல் அலகாபாத்தில் முதன்முதல் தோன்றிய அப் பண்ணைகள் 2021 மார்ச் 31-ஆம் நாளோடு முடிவுற்றன.

இவற்றை மூடியது தவறென்று நாம் கூறோம். பண்ணை தோன்றிய காலத்தில் நல்ல பால் கிடைப்பது அரிது. இன்று கூட்டுறவுச் சங்கங்களின் பால் எந்நகரிலும் கிடைக்கின்றது. கடிதம் செய்த தொண்டிற் பெரும்பகுதியைக் கைப்பேசி செய்கின்றது. பழையது போகப் புதியது வந்து நின்றதாதலின் இழப்புச் சிறிது. ஆயின், புதியது வாராத இடத்திற் பழையதை எடுத்தலும், உள்ளதை எட்டாத தொலைவில் வைத்தலும் சிக்கனம் ஆகா; அவை கடன் மறத்தலே ஆம். இதுவே நாம் வலியுறுத்தும் கருத்து.

நம் வட்டாரத்தைப் பாருங்கள். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 55 கிலோமீட்டர். மிலிட்டரி கேன்டீனிற் பொருள் வாங்கவும், 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் மருந்து பெறவும் நம் பக்கத்து முதியோர் வெளியூர்ப் பேருந்தையே நம்பியிருக்கின்றனர். பணியிலுள்ள வீரரின் பெற்றோர் நாடவேண்டிய இராணுவ மருத்துவமனைகளோ சென்னை, வெலிங்டன், திருவனந்தபுரம் என இன்னும் சேய்மையில் உள்ளன. எண்ணெயிலும் சோப்பிலும் மிஞ்சிய காசு பேருந்துக் கட்டணத்திற் கரைகின்றது.

நாம் நன்கறிந்த மூதாட்டி ஒருவர் நம்மூரில் உள்ளார். அவர் கணவர் படையிலிருந்து ஓய்வுபெற்றுப் பின் மறைந்தவர். மகன் வடகிழக்கு எல்லையில் நிற்பவர். ஒருநாள் அம் மூதாட்டி விடியற்காலைப் பேருந்தில் மருந்து வாங்கச் சென்று, “இருப்பு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்” என்னும் மறுமொழியோடு மாலையில் திரும்பினார். அம் மருந்தினை நம்மூர்க் கடையிலேயே வாங்கலாமே என்றோம். அவர் சொன்னார்: “கடையிலயும் கெடைக்கும்யா. அங்க அட்டைய நீட்டுனா மறுபேச்சில்லாம குடுப்பாகல்லா, அப்ப அவுக பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கும்.” மருந்தின் விலை கணக்கேட்டில் ஏறும். அம்மையார் கூறியதை ஏற்றுதற்கு எக் கணக்கேட்டிலும் இடமில்லை.

தமிழ் பயிலும் நமக்கு இப்பொருள் புதியதன்று. காத்திருத்தலை முல்லைத்திணையின் உரிப்பொருளாக்கிய இனம் நம் இனம். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டின் 103 அடிகளில் பாசறையில் உறங்காத அரசனையும், மனையில் வருந்தும் அரசியையும் ஒருங்கே காண்கின்றோம். அரசியைத் தேற்ற முதுபெண்டிர் இருந்தனர். நற்சொல் கேட்டு வந்து கூறினர். அவ்வரசன் படையில் வேல் ஏந்தி நின்ற எளிய வீரனின் மனைவியைத் தேற்றியவர் யார்? பாட்டு அதனைக் கூறவில்லை. வேந்தன் தொழிலாற் பிரியும் பிரிவு ஓராண்டுக்கு உட்பட்டதென்று தொல்காப்பியர் கற்பியலில் வரையறை செய்தார். புதிதாக மணந்தவனை ஓராண்டு போருக்கு அனுப்பாது வீட்டிலிருக்க விடுக என்று மோசேயின் நியாயப்பிரமாணம் உபாகமத்திற் கட்டளையிட்டது. தமிழிலக்கணமும் வேதாகமமும் ஒன்றையொன்று அறியாமலே ஓருண்மையைக் கண்டன: அரசு ஒரு மனையினின்று எடுத்துக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு.

அவ்வெல்லை இன்று நம் வயதினரைத் தொடுகின்றது. 2022 ஜூன் 14-ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற அக்னிபத் திட்டத்திற் சேரும் இளைஞர் நான்காண்டே பணிபுரிவர். அவருள் நூற்றுக்கு 25 பேர் வரையே நிலைபெறுவர். ஏனையோர் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாயுடன் வீடு திரும்புவர். அதிற் பாதி அவர் ஊதியத்திற் பிடித்ததும், பாதி அரசு இட்டதுமாம். ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்னும் பெயரும் இல்லை. பெயர் இன்மையின் கேன்டீனும் மருத்துவத் திட்டமும் இல்லை. படையை இளமையாக்கலே நோக்கம் என்பர் அரசினர். அந் நோக்கத்தை நாம் பழியோம். ஆனால் நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தவன் நான்காண்டு பனியில் நின்று திரும்பும்போது, அவன் தாய் நீட்டுதற்கு ஓர் அட்டையும் இல்லையென்றால், அதனை எவ்வாறு நியாயம் என்போம்? ஓய்வூதியம் அளித்தல் இயலாதாயின், மருத்துவமும் கேன்டீனுமாவது அவர்க்கு அளித்தல் வேண்டும்.

செலவு மிகுமே என்பார்க்கு ஒரு சொல். பெருஞ்செலவு இன்றியும் செய்யக்கூடியன உள. மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கின்றது. அவ்வலுவலர் மாதம் ஒருமுறை வட்டத் தலைநகர்க்கு வந்து குறை கேட்கலாம். கேன்டீன் பொருள்களை ஒரு வண்டியில் ஏற்றி அன்றே கொணரலாம். மருந்து இருப்பு உண்டா என்பதைப் புறப்படுமுன் தொலைபேசியிற் கேட்டறிய வழி செய்யலாம்.

அரசைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ளுதல் முறை. படையினர் ஓய்வூதியம் இன்று ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணைய முறையில் வழங்கப்படுகின்றது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அளித்தல் வேண்டும். எழுத்தறியாத கைம்பெண்டிர்க்கு இணையம் மற்றொரு சேய்மையே. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள ஒரு மூதாட்டிக்கு அரைமணி நேரம் அமர்ந்து அதனைச் செய்து கொடுத்தல் அரிதோ? நம் கல்லூரி கற்பிக்கும் தொண்டு இதனினும் வேறன்று.

தாவீது அமலேக்கியரைத் தொடர்ந்தபோது, இளைத்துப்போன இருநூறு பேர் பேசோர் ஆற்றங்கரையிற் பொருள்களைக் காத்து நின்றனர். வெற்றியோடு மீண்டவருட் சிலர் அவர்க்குப் பங்கில்லை என்றனர். தாவீது அதற்கு இசைந்திலன். போருக்குப் போனவர் பங்கும் காத்திருந்தவர் பங்கும் ஒன்றே என்று பிரமாணம் செய்தான். அப் பங்கினையே நாம் கேட்கின்றோம். பேசோர் ஆறு இன்று சங்கரன்கோவிற் பேருந்து நிலையத்தருகே ஓடுகின்றது. அதன் கரையில் ஒரு மூதாட்டி கையில் அட்டையோடு காத்து நிற்கின்றாள்.